பதினேழாம் எண்ணின் இடது அக்குள்

அக்குளை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள், மீதிப் பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூக்கக்கா இருபத்தெட்டு வருஷமாக அந்த வேலையைத்தான் பார்த்தாள். ரோல்-ஆனும் ஸ்ப்ரேயும் செய்கிற கம்பெனி. அதன் மூன்றாவது மாடியில் ஒரு சோதனை அறை. அதில் வெள்ளைக் கோட்டு போட்ட நான்கு பெண்கள். கீழே இருக்கிற கெமிஸ்டுகள் ராப்பகலாக எதைக் கலக்கிக் கொண்டுவந்தாலும், அது வேர்வை நாற்றத்தை அடக்குகிறதா இல்லையா என்று கடைசியில் சொல்லவேண்டியது இந்த நான்கு மூக்குகள்தான். இதற்கு இன்னும் மெஷின் வரவில்லை. மூக்கக்கா என்பது கூட வேலை பார்த்த சின்னப் பெண்கள் வைத்த பெயர். மற்றபடி அவள் மூக்கு அப்படி ஒன்றும் பெரிசில்லை.

அந்த மூக்குதான் மூன்று மாதத்துக்கு முன்னால் செத்துப்போனது. ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்று காலையில் காபியை வாயில் வைத்தாள். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, காபி தெரியவில்லை. சோப்பை மோந்தாள், தலையணையை மோந்தாள், குப்பைக்கூடையைத் திறந்து உள்ளே முகத்தை விட்டாள். ஒன்றும் இல்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வரலாம், வராமலும் போகலாம், ஆறு மாதம் பார்க்கவேண்டும் என்றார்.

"இதைச் சொல்றதுக்கு எதுக்குய்யா அவ்வளவு படிப்பு? இதை நானே சொல்லியிருப்பேனே" என்றார் பதினேழு, மருத்துவமனைப் படி இறங்கும்போது.

பதினேழு என்பது அவள் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் பயிற்சியாளர். அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மூக்கக்கா கூப்பிடுவது பதினேழு என்றுதான். மகள்கூடச் சின்ன வயதில், "அம்மா, பதினேழு இன்னும் வரலையா?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறாள்.

அந்தப் பெயர் வந்த கதை பிறகு; இப்போதைய தலைவலி வேறு. வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி தன் மூக்குகளுக்குப் பரீட்சை வைக்கும். ஆறு பழுப்புக் குப்பிகள். ஆறிலும் ஒரே நாற்றம், வேறு வேறு அளவில் தண்ணீர் கலந்தது. மோந்து பார்த்து, லேசானதிலிருந்து கடுமையானது வரை வரிசையாக அடுக்கவேண்டும். மூக்கக்கா இதுவரை ஒரு தடவைகூடக் குப்பியை மாற்றி வைத்ததில்லை. இந்த வருஷப் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. காய்ச்சல் அசதி இன்னும் போகவில்லை என்று லீவு போட்டு ஒளிந்துகொண்டிருந்தாள். தோற்றால் கீழே பேக்கிங்கில் உட்கார்ந்து மூடி திருகவேண்டியதுதான். மூடி திருகுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளிடம் இருந்த ஒரே திறமை அந்த மூக்கு, அது இல்லாமல் தான் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நாற்றமில்லாத வீடு எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தன் வீட்டையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. இரண்டு முறை அழுதாள், அதுவும் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு.

தினமும் இரண்டு வேளை நாலு சாமான்களை மோந்து பழக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினேழு அதைப் பிடித்துக்கொண்டார். நாலு ஜாம் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, கிராம்பு, எலுமிச்சைத் தோல், வினிகர், காபித்தூள் என்று போட்டு, சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தார். புதிதாக வந்தவனை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைக்கிற மாதிரி அவளை உட்காரவைத்தார்.

"அவசரம் வேண்டாம். மெதுவா. கிளட்சை விடுற மாதிரி மூச்சை இழு. என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

"அடுத்தது."

"ஒண்ணும் தெரியலை."

நாலாவது பாட்டிலும் முடிந்ததும் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, இடது கையை உயரே தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "இது அஞ்சாவது. பாரு. மூணு நாளா ரோல்-ஆன் போடலை."

"ஐயோ, என்னங்க இது? கையை இறக்குங்க."

"நீதானே எனக்கு எட்டு மார்க் போட்டவ? பத்துக்கு எட்டு. கிராம்பு எல்லாம் எனக்கு முன்னாடி எந்த மூலைக்கு?"

மூக்கக்கா சிரித்துவிட்டு மோந்தாள். பூஜ்யம். அவர் முகம் விழுந்தது. அவரிடம் இருபத்தேழு வருஷமாகச் சொல்லாத ஒரு விஷயம் அவளிடம் இருந்தது.

அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. சோதனைக்கு வருகிற இருபது பேருக்கும் பதினான்கு நாள் பத்தியம் உண்டு: ரோல்-ஆன் கிடையாது, சென்ட் கிடையாது, பவுடர் கிடையாது, கம்பெனி கொடுக்கிற வாசனையில்லாத வெள்ளை சோப்பு மட்டும். பதினைந்தாம் நாள் வலது அக்குளில் மருந்து தடவுவார்கள், இடது அக்குளை அப்படியே விட்டுவிடுவார்கள். மறுநாள் இருபது பேரும் கையைத் தூக்கி வரிசையாக நிற்க, நான்கு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து, கண்ணை மூடி, மோந்து, அட்டையில் எண் போடுவார்கள். பூஜ்யம் என்றால் ஒன்றும் இல்லை. பத்து என்றால் கதவைத் திறந்துகொண்டு ஓடலாம். நடுவில் மூக்கு களைத்தால் தன் முழங்கையின் உள்பக்கத்தை ஒரு தரம் மோந்துகொள்ளவேண்டும். சொந்த வாசனை மூக்கைத் துடைத்துவிடும். பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது. முக்கியமாக முகம் சுளிக்கக்கூடாது.

பதினேழாம் எண் ஒல்லியாக, உயரமாக நின்றார். வலது பக்கம் மூன்று. இடது பக்கத்துக்குப் போனாள். வெயிலில் கிடந்த தோல் பை, நறுக்கிவைத்த வெங்காயம், அடியில் எங்கோ ஈர மரத்தூள். கெட்ட நாற்றம்தான், அதில் பொய் சொல்வதற்கில்லை. எட்டு என்று போட்டாள். ஆனால் அடுத்த ஆளிடம் போவதற்கு முன் அவள் முழங்கையை மோந்துகொள்ள மறந்துபோனாள்.

"பாஸா, ஃபெயிலா மேடம்?" என்று பதினேழாம் எண் கிசுகிசுத்தார். பின்னால்தான் தெரிந்தது, அவருடைய மாணவர்கள் தினமும் அவரைக் கேட்கிற கேள்வி அது. மூக்கக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். சூப்பர்வைசர் அம்மா கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார்.

அந்த அம்மாவுக்குத் தராசு என்று பெயர். அரை மார்க் கூடவோ குறையவோ போட்டால் கண்டுபிடித்துவிடுவார்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பதினேழாம் எண் நின்றிருந்தார். "எவ்வளவு போட்டீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, ராத்திரி தூக்கம் வராது" என்றார். சொல்லக்கூடாதுதான். சொன்னாள்.

"எட்டா! பத்துக்கா!" மனிதர் பூரித்துப் போய்விட்டார். "பள்ளிக்கூடத்துல கணக்குல நான் எட்டு வாங்கியிருக்கேன், ஆனா அது நூத்துக்கு."

அப்புறம் நடந்தது ஊரில் எல்லோருக்கும் நடப்பதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மூக்கக்கா அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், இரண்டு பக்கமும் பிரேக் வைத்த சின்னக் கார். முதல் நாள் ஏறியவுடன் அவள் செய்த முதல் காரியம் கண்ணாடியை இறக்கியது. இரண்டாவது வாரம் பாதி இறக்கினாள். மூன்றாவது வாரம் இறக்க மறந்துபோனாள், மறந்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வண்டி நின்று நின்று போனது. அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "வண்டிக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, அதான் நகர மாட்டேங்குது" என்பார்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சோதனை. அதே இருபது பேர், அதே பத்தியம். அட்டைகளைச் சேர்த்துப் பார்த்த தராசம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதினேழாம் எண், இடது அக்குள்: மற்ற மூன்று பெண்களும் எட்டு, ஏழு, எட்டு. மூக்கக்கா போட்டது இரண்டு.

"ஒண்ணு, உன் மூக்கு போயிடுச்சு. இல்லேன்னா நீ பொய் எழுதியிருக்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்லை."

"இல்லை மேடம். எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினேன்."

தராசம்மா விடவில்லை. அவள் கண்ணைத் துணியால் கட்டி, இருபது பேரையும் இடம் மாற்றி நிற்கவைத்து, மறுபடி மோந்து பார்க்கச் சொன்னார். பத்தொன்பது பேருக்கும் எண் அச்சாக அப்படியே வந்தது. ஒருவரிடம் மட்டும் மறுபடி இரண்டு. கட்டை அவிழ்த்தால் எதிரே பதினேழாம் எண், ஒன்றும் புரியாமல், கையைத் தூக்கியபடி நின்றார்.

அறைக்குத் திரும்பியதும் தராசம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்த அம்மா கண்ணாடி இல்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. தினமும் கூட இருக்கிற நாத்தம் மூக்குக்குத் தெரியாது, பழகிடும். இந்த ஆளுக்குப் பழகியிருக்கு. எத்தனை நாளா?"

மூக்கக்கா தரையைப் பார்த்தாள். "ரெண்டு மாசம் மேடம். கார் ஓட்டக் கத்துக்கிறேன்."

"கத்துக்கிட்டியா?"

"ரிவர்ஸ் மட்டும் இன்னும் வரலை."

தராசம்மா சிரிக்கவில்லை. சோதனை ஆட்களின் பதிவேட்டை எடுத்து, பதினேழாம் எண்ணை ஒரே கோடாக அடித்தார். நீக்கியதற்குக் காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல் எழுதினார். அதை மூக்கக்கா தலைகீழாகவே படித்துவிட்டாள். முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரே இன்னும் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவளுக்கேகூட அன்றைக்குத்தான் தெரியும். பாழாய்ப்போன மூக்கு முந்திக்கொண்டது.

அவரிடம், ஒருவர் இரண்டு தடவைதான் வரலாம், அதுதான் ரூல் என்று சொல்லிவைத்தாள். வேறு என்ன சொல்வாள்? உங்கள் நாற்றம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றா, அவர் கேட்பதற்கு முன்னால்? கேட்க அவருக்கு இன்னும் எட்டு மாதம் ஆயிற்று.

கல்யாணமான மறுநாள் காலையில் பார்த்தாள். மனிதர் கண்ணாடி முன் நின்று, வாசனையில்லாத ரோல்-ஆனை வலது பக்கம் மூன்று தரம், இடது பக்கம் ஐந்து தரம் பக்தியாகத் தடவிக்கொண்டிருந்தார். "எட்டு வாங்கினவன் ஜாக்கிரதையா இருக்கணும் இல்லையா? உன் மூக்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றார். அப்போதே அந்த எட்டு அவளுக்குப் பூஜ்யமாகியிருந்தது. சொல்ல மனசு வரவில்லை. லீவு நாள், காய்ச்சல் நாள், மகள் பிறந்த நாள், எதிலும் அந்த எட்டுத் தடவல் தவறியதில்லை. வருஷம் போகப்போகச் சொல்வதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

அந்த ரோல்-ஆனைத்தான் இப்போது மனிதர் அவளுக்காக மூட்டைகட்டி வைத்திருந்தார். மூக்கு நன்றாக இருந்தபோதே தெரியாத ஒன்று இப்போது எப்படித் தெரியும்? ஆனால் அவர் ஒவ்வொரு காலையும் நம்பிக்கையோடு கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

பத்து நாளில் விளைவு தெரிந்தது, ஆனால் டிரைவிங் பள்ளியில். ஒரு மாணவி தலையை வெளியே நீட்டியே ஓட்டிப் பழகினாள். ஒருவன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தான். ஒரு வங்கிக்காரர், "சார், கிளட்சைச் சொல்லும்போது மட்டும் கையைத் தூக்கிக் காட்டாதீங்க" என்று கெஞ்சினார். முதலாளி பழைய சிநேகிதர், முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார். வெளியூரில் புதுக் கிளை திறக்கிறோம், லாரிப் பயிற்சி, திறந்த மைதானம், காற்றோட்டமான இடம், மூன்று வாரம் போய்ப் பார்த்துக்கொள் என்றார்.

"பரீட்சை நேரத்துல உன்னை எப்படி விட்டுட்டுப் போறது?" என்று பதினேழு தயங்கினார்.

"போயிட்டு வாங்க. நீங்க இங்க இருந்து மட்டும் என்ன ஆகப்போவுது?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கடுமை என்று அவளுக்கே தெரிந்தது. அவர் நாலு பாட்டில்களுக்கும் புதுச் சரக்கு போட்டு, மூடியில் தேதி எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினார். போகும்போதும் ரோல்-ஆனை எடுத்துக்கொள்ளவில்லை. "வந்ததும் ஒரு தடவை பாரு. மூணு வார ஸ்டாக்" என்றார்.

வீடு வெறிச்சோடியது. காலையும் மாலையும் பாட்டிலை மோந்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் பழைய வாசனைகளை ஞாபகப்படுத்திப் பார்த்தாள்; அது அவள் தொழில் பழக்கம். மகளின் குழந்தைத் தலை வந்தது. சோதனை அறையின் ஸ்பிரிட் பஞ்சு வந்தது. அந்தச் சின்னக் காரின் பெட்ரோலும் சூடான சீட்டும் வந்தன. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தவர் வரவில்லை. தோல் பை, வெங்காயம், ஈர மரத்தூள் என்று தான் அன்று மனசில் குறித்தது ஞாபகம் இருந்தது. சொல்தான் இருந்தது, வாசனை இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் தொலைத்ததற்காக இப்படி அழுகிறோமே, அந்தக் காரில் தொலைத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை, அந்த எட்டு வேண்டும்போல் இருந்தது. வேலை, பரீட்சை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பரீட்சை நாள் வந்தது. ஆறு பழுப்புக் குப்பிகள். ஐந்தில் வெறும் காற்று. ஆறாவதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது, பக்கத்து அறையில் யாரோ நடமாடுகிற மாதிரி. ஆனால் அது என்னவென்று சொல்ல முடியவில்லை. குத்துமதிப்பாக அடுக்கினாள். நாலு குப்பி இடம் மாறியிருந்தது.

இப்போதைய சூப்பர்வைசர் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வைக்கணும்னு எழுதுறேன். அதுவரைக்கும் பேக்கிங்."

"நீ ஏம்மா அழற? மூடி நல்லா திருகுவேன், கவலைப்படாதே" என்று மூக்கக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தாள். எட்டு மணி நேர பஸ் தூசியோடு, ஒரு தோளில் பையோடு, பதினேழு நின்றார். எப்படிப் போயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே தெரிந்திருக்கும். பையைக்கூட இறக்காமல் இடது கையைத் தூக்கினார்.

"அது கிடக்கட்டும். இதுக்கு எவ்வளவு, சொல்லு."

பாவம், மனிதரை ஏமாற்றக்கூடாது என்று மூக்கக்கா கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

முதலில் தோல் பை. அப்புறம் வெங்காயம். அடியில், எங்கோ அடியில், ஈர மரத்தூள்.

அவள் அப்படியே நின்றாள். கண்ணைத் திறந்தால் போய்விடுமோ என்று பயம். இன்னொரு தரம் இழுத்தாள். இருந்தது. இருபத்துநான்கு வயதில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றபோது இருந்த அதே நாற்றம், இன்னும் கொஞ்சம் வயதாகி, கூடப் பஸ் டீசலும் சேர்ந்து.

"எட்டு" என்றாள். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"வந்துடுச்சா? அடியே, வந்துடுச்சா!" பதினேழு வாசலிலேயே குதித்தார். "நான் சொன்னேன்ல, கிராம்பெல்லாம் எந்த மூலைக்குன்னு! நாளைக்கே ஆபீஸ்ல போய்ச் சொல்லு. இத்தனை நாள் தெரிஞ்ச மாதிரியே மறுபடி தெரியுதுன்னு..."

"இத்தனை நாள் தெரியலைங்க."

"மூணு மாசமா தெரியலை, அது தெரியும்."

"மூணு மாசம் இல்லை." மூக்கக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்தேழு வருஷமா."

பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு, ஏழு, எட்டு, அவள் போட்ட இரண்டு, கண்கட்டு, கண்ணாடியைக் கழற்றிய தராசம்மா. அவர் பையின் மேலேயே உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டார்.

"அப்ப இத்தனை வருஷமும் நான் தினமும் பூசினது யாருக்கு?"

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவங்களுக்கு. புண்ணியமாப் போகும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவ்வளவு மரியாதையா பூசிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"என் பேரை அடிச்சாங்களே, என்ன காரணம்னு எழுதினாங்க?"

"வீட்டு ஆள்னு."

"எப்போ?"

"எனக்கு ரிவர்ஸ் வர்றதுக்கு முன்னாடி."

பதினேழு விரல் விட்டு எண்ணினார். ஒரு தரம் எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். "நான் உன்கிட்ட வந்து கேட்கிறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே!"

"ஆமா."

அவர் எழுந்து கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, கொடியிலிருந்து துண்டை உருவினார். "இரு, குளிச்சிட்டு வந்துடுறேன். பஸ்ல பக்கத்து சீட்காரன் பாதி வழியிலேயே இறங்கிட்டான்."

"குளிக்க வேண்டாம். இருங்க."

"ஏன்?"

"மூணு வாரம் தள்ளி இருந்தீங்க, அதான் தெரியுது. பத்து, பதினஞ்சு நாள்தான். அப்புறம் திரும்பப் போயிடும்."

"மூக்கா?"

"மூக்கு இருக்கும். நீங்கதான் தெரியமாட்டீங்க."

பதினேழு துண்டைத் திரும்பவும் கொடியில் போட்டார். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்து, இடது கை அவள் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தார்.